ஆடிட் இல்லாத நாளில் போய்ப் பார்த்தேன்: அம்மாவுக்காக ஒப்பிட்ட மூன்று வழிகள்

குதிகாலில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு கருப்பு. அம்மாவின் வலது கால். சாக்ஸைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்ததும், "மூணு வாரம் இங்கயே இருக்கட்டுங்க, நடக்க வெச்சு அனுப்பறோம்" என்று சொன்ன ஒரு பராமரிப்பு இல்லத்திலிருந்து அன்று காலைதான் கூட்டி வந்திருந்தோம். பெயர் வேண்டாம். வாசலில் மீன் தொட்டி இருந்தது, வரவேற்பறையில் கிரானைட் பளபளத்தது, தினமும் வாட்ஸப்பில் போட்டோ வந்தது. எல்லாப் போட்டோவிலும் அம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்திருந்தால் அந்தக் கருப்பு வந்திருக்காது. ஒரு தலையணை என்ன விலை இருந்துவிடும்?

எனக்குத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக கம்ப்ளையன்ஸ். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டருக்கு, கம்பெனி சட்டப்படி நடக்கிறது என்று காட்டுவது என் பொறுப்பு. ஆடிட் என்றால் முந்தின நாளே தீயணைப்பு சிலிண்டரில் தூசி துடைபடும், முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வந்து சேரும், எமர்ஜென்சி கதவுக்கு முன்னால் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் குடோனுக்குப் போகும். ஆடிட்டர் காரில் ஏறிய அரை மணி நேரத்தில் அத்தனையும் பழைய இடத்துக்குத் திரும்பும். விவரமான ஆடிட்டர் சொல்லாமல் வருவார், ராத்திரி ஷிஃப்டில் வருவார், ஆபீஸுக்குள் நுழையும் முன் டாய்லெட்டில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். இத்தனையும் தெரிந்தவள் மீன் தொட்டியைப் பார்த்து மயங்கி அம்மாவை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாம் தடவை அப்படிப் போகவில்லை.

முதலில் ஒரு சொல் தகராறு. எங்கள் பக்கம் நர்சிங் ஹோம் என்றால் பத்திருபது கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. பிரசவம், குடல்வால், காய்ச்சல். வயதானவர்களை மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு அந்தப் பெயர் இங்கே கிடையாது. முதியோர் இல்லம் என்று கேட்டுப் போனால் பல இடங்களில் விண்ணப்பத்திலேயே, தன் வேலையைத் தானே செய்துகொள்பவராக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அம்மாவுக்கு 79 வயது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, அதனாலேயே தடுமாறி விழுந்து இடுப்பு முறிந்தது. சுகர் உண்டு. நினைவு பளிச்சென்று இருக்கிறது, பேச்சு மட்டும் குழறும். நமக்கு வேண்டியது படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் இடம். போனில் விசாரிக்கும்போது முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அண்ணன் நியூஜெர்சியில் இருக்கிறான். "எத்தனை ஸ்டார்னு பாரு" என்றான். அங்கே அரசாங்கமே ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் 1 முதல் 5 வரை ஸ்டார் போட்டு இணையத்தில் வைக்கிறது, 2008இலிருந்து. நம்ம ஊரில் இருப்பதெல்லாம் பேரப்பிள்ளைகள் கூகுளில் போடும் ஸ்டார்தான். ஆனால் அவன் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அவர்கள் எதையெல்லாம் எண்ணி ஸ்டார் போடுகிறார்கள் என்று வாசித்துச் சொல்லச் சொன்னேன். திடீர்ச் சோதனையில் கண்ட குறைகள், ஒரு நோயாளிக்கு எத்தனை மணி நேரம் நர்ஸ் கிடைக்கிறார், படுக்கைப்புண் எத்தனை பேருக்கு, விழுந்து அடிபட்டவர் எத்தனை பேர். 2022இலிருந்து இன்னும் இரண்டு சேர்த்திருக்கிறார்களாம்: சனி ஞாயிறில் எத்தனை நர்ஸ் இருக்கிறார், வருஷத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள். கடைசி இரண்டையும் கேட்டதும் எனக்கு எங்கள் தையல் பிரிவு ஞாபகம் வந்தது. ஆள் நிற்காத லைனில் நல்ல துணி வந்ததே இல்லை.

நம்மிடம் காகிதம் இல்லாமல் இல்லை. 2007ஆம் வருஷப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதிய வேண்டும். சிகிச்சையும் தருவதாகச் சொன்னால் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 1997ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டப்படி தனிப் பதிவும் வேண்டும். கேட்டுப் பார்த்துவிடுங்கள். காட்ட மறுத்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். காட்டிவிட்டால் அந்த அளவில் சரி என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். குதிகாலைப் பார்க்காத அந்த இல்லத்திலும் சர்டிபிகேட்டை பிரேம் போட்டு மாட்டித்தான் வைத்திருந்தார்கள்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. கோவைக்கு மேற்கே, மலை தெரியும் தூரத்தில் வயதானவர்களுக்கென்றே கட்டிய பெரிய குடியிருப்பு, அதற்குள்ளேயே படுக்கை நோயாளிகளுக்கு ஒரு தனி பிளாக். இரண்டாவது, ஈரோடு பெருந்துறைப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா நடத்தும் 22 கட்டில் இல்லம். மூன்றாவது, காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டிலேயே ஹோம் நர்ஸ் வைத்துப் பார்ப்பது. திருப்பூரில் என் வீட்டையும் கணக்கில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. கணவரும் நானும் வெடியால எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டினால் பொழுது சாய்ந்துதான் திறப்போம்.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. மலையடிவார இடத்தில் டெபாசிட் 3 லட்சம், மாதம் 46,000. டயபர், பிசியோ, ஆஸ்பத்திரிக்குக் கூட வரும் ஆள் எல்லாம் தனி என்பதால் எங்கள் கணக்குப்படி 58,000 பக்கம் வந்தது. சிஸ்டர் இல்லத்தில் டெபாசிட் ஒரு மாத வாடகை, மாதம் 30,000, டயபரும் பிசியோவும் சேர்த்து 38,000. தோட்டத்தில் ஏஜென்சிக்கு 26,000, அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு, டயபர், மருந்து என்று 36,000. டயபரைச் சின்னச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு 4, ஒன்று 35 ரூபாய் என்றால் மாதம் 4,200. ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாக வாசியுங்கள்: நோயாளி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கும் நாட்களுக்கு வாடகை உண்டா, இல்லையா. மலையடிவார இடத்தில் கட்டிலைப் பிடித்து வைக்க முக்கால் வாடகை என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. இரண்டு இல்லங்களுக்கும் நடுவில் மாதம் 20,000 வித்தியாசம். அதை அண்ணன் தருவதாகச் சொல்லிவிட்டான். ஆகவே முடிவைப் பணம் எடுக்கவில்லை.

மலையடிவார இடத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை ஒரு புதன்கிழமை, சொல்லிவிட்டு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் டாக்டர், ஆக்சிஜன், ஜெனரேட்டர், கட்டிலோடு போகிற லிப்ட், சாப்பாட்டு வண்டி, மோட்டார் வைத்த கட்டில். நடைபாதை முழுக்கப் பிடித்து நடக்கக் கம்பி. கணவன் மனைவியாக வந்து தங்கியிருந்த பாட்டி ஒருத்தர், "இங்க வந்த பொறவுதானுங் அம்மிணி நிம்மதியா ஒறங்கறோம்" என்றார். பொய் சொல்லவில்லை. நடமாட்டம் உள்ளவர்களுக்கு அது அருமையான இடம். எனக்கே நாளைக்கு அங்கே போகலாம் என்று தோன்றியது.

இரண்டாம் தடவை ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு, சொல்லாமல் போனேன். வாட்ச்மேன் விடவில்லை. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றதும் விட்டார். படுக்கை பிளாக்கில் 30 கட்டில். இன்சார்ஜ் சிஸ்டருக்கு லீவு. ஒரு சின்ன வயது நர்ஸ், இரண்டு அட்டெண்டர். ஒரு தாத்தாவின் கட்டிலில் பெல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நானும் அவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். என் கைக்கடிகாரத்தில் பதினோரு நிமிஷம். வந்த பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் ஓடிக்கொண்டேதான் இருந்தாள். முப்பது பேருக்கு மூன்று பேர் என்றால் யார் ஓடினாலும் அவ்வளவுதான்.

அந்தக் கட்டிலின் கால்மாட்டில் சார்ட் தொங்கியது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம், வலம், மல்லாக்க என்று திருப்பிப் போட்டதற்கான சார்ட். அழகாக அச்சடித்தது. மணி இரண்டரை ஆகவில்லை. நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் டிக் விழுந்திருந்தது, ஒரே பேனா, ஒரே சாய்வு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் ரெஜிஸ்டரில் ஒரு காலத்தில் இதே வேலையைத்தான் செய்தார்கள், ஒரு ஜப்பான்காரர் கண்டுபிடித்து ஆர்டரையே நிறுத்தினார்.

அட்வான்ஸ் கட்டவில்லை. ஆனாலும் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தவர்கள், அடிக்கடி மூச்சுத் திணறல் வருபவர்கள், வாரம் மூன்று டயாலிசிஸ் போகிறவர்களுக்கு அந்த மாதிரி இடம்தான். டாக்டர் உள்ளேயே இருப்பது சின்ன விஷயம் இல்லை.

இனி தோட்டம். மனசு அங்கேதான் இழுக்கிறது, எனக்கும் அம்மாவுக்கும். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், கட்டில் போட்டால் மாடு கட்டும் கட்டுத்தறி தெரியும், வருகிற போகிற ஆள் தெரியும், மயிலைப் பசு கத்தினால் அம்மா இங்கிருந்தே அதட்டுவார். ஐந்து மாதம் அப்படித்தான் பார்த்தோம். அதற்குள் மூன்று ஹோம் நர்ஸ். முதல் பெண் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனவள் வரவேயில்லை. இரண்டாமவள் போனும் கையுமாக. மூன்றாமவள் தங்கம். அவளை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்ததில்தான் எனக்கு உறைத்தது: இரண்டு மணிக்கு ஒரு தடவை என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை திருப்ப வேண்டும். அதில் நாலைந்து தடவை நடுராத்திரியில். 24 மணி நேர ஆள் என்று ஏஜென்சி சொல்கிறது, ஆனால் வருவது ஒரே ஆள். பகலெல்லாம் தூக்கி இறக்கிய பெண் ராத்திரி தூங்காமல் இருப்பாள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். தங்கமானவளும் தூங்கத்தான் தூங்குவாள். இரண்டு பேர் வைத்தால் செலவு மலையடிவார இடத்தையே தாண்டுகிறது.

காற்றழுத்த மெத்தை வாங்கிப் போட்டால் திருப்பத் தேவையில்லை என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள். நானும் நம்பி வாங்கினேன். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், திருப்பும் வேலையை மிச்சப்படுத்தாது. அது போக, படுக்கைப்புண் ஆரம்பிப்பதைச் சிவப்பை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அது முதல் கட்டம். நம்மைப் போன்ற மாநிறத்தில், கருப்பில் சிவப்பு எங்கே தெரிகிறது? வால் எலும்பு, இடுப்பு மேடு, குதிகால், கணுக்கால், இந்த இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுதான்.

தோட்டத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இது எங்கள் சீமைக்கே உரியது. தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி இங்கே வீடுகள் தெருவாக ஒட்டி இருக்காது. அவரவர் பூமிக்கு நடுவில் அவரவர் வீடு. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. 108க்குப் போன் செய்தால், மெயின் ரோட்டில் டார்ச்சோடு ஒரு ஆள் நின்று இட்டேரிக்குள், வேலிகளுக்கு நடுவில் போகும் மண்தடத்துக்குள், வழிகாட்டினால்தான் வண்டி வரும். ராத்திரியில் அந்த ஆள் யார், அம்மா பக்கத்தில் இருக்கிற ஆள் யார்? நல்லதையும் சொல்கிறேன்: 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் எங்கள் ஊருக்கும் வந்தது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது, பிசியோதெரபிஸ்ட் வந்து கையை மடக்கி நீட்டக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. வீட்டில் இரண்டு பெரியவர்கள் முழு நேரமும் இருக்கிற குடும்பத்துக்கு, இந்த உதவியும் சேர்ந்தால் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு பேர் இல்லை.

பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறவில்லை. "நாலேக்கரா பூமிய வெச்சுக்கிட்டு தாயைக் கொண்டு போயி ஆசிரமத்துல தள்ளறீங்களா" என்று ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் வைத்தே கேட்டார். பூமி இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறது, அப்படியேதான் இருக்கும். எழுதி வாங்கியவர்கள் கவனிக்காமல் விட்டால், பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரமே செல்லாது என்று அறிவிக்க அந்த 2007ஆம் வருஷச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் வழி இருக்கிறது என்பதைப் பெரியப்பா மகனுக்கு மட்டும் சன்னமாகச் சொல்லிவைத்தேன். அவர்கள் வீட்டுக் கதை வேறு.

சிஸ்டர் இல்லத்துக்கு ராத்திரி எட்டரைக்குப் போனேன். பழைய ஓட்டு வீடு ஒன்று, அதை ஒட்டிப் புதிதாகக் கட்டிய நீள ஹால். கேட்டைத் திறந்தவர் கைகழுவச் சொன்னார், எதற்கு வந்தீர்கள் என்று பிறகுதான் கேட்டார். மூக்கில் முதலில் ஏறியது வாசனை. மூத்திர வாடை அடித்தால் தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். பினாயில் நெடி கண்ணைக் கரித்தாலும் சந்தேகப்பட வேண்டும், யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து கொட்டியிருப்பார்கள். இங்கே ராத்திரிக்குத் தாளித்த கடுகு வாசம் இருந்தது, கொஞ்சம் மூத்திர வாடையும் இருந்தது. சிஸ்டரே, "இப்பத்தானுங் ரெண்டு பேருக்கு மாத்துனோம்" என்றார். நான் இருந்த முக்கால் மணி நேரத்தில் வாடை போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் நானும் எழுந்து போயிருப்பேன்.

அடுத்தவர் போர்வையை விலக்கிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பார்க்க வேண்டியதில் பாதி போர்வைக்கு வெளியேதான் இருக்கிறது. நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போகிறவரின் தலைமாடு உயர்த்தியிருக்கிறதா. மட்டமாகப் படுத்திருந்தால் கஞ்சி எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் போகும். யூரின் பேக் கட்டில் சட்டத்தில், இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, தரையில் கிடக்கிறதா. தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது. இது கடைசியாகச் சொன்னாலும் நான் முதலில் பார்த்தது இதைத்தான். வலப்பக்கம் விழுந்த ஒரு பாட்டிக்கு டம்ளர் இடது கைப்பக்கம் இருந்தது. மலையடிவார இடத்தில் எல்லாக் கட்டிலுக்கும் டம்ளர் வரிசையாக வலப்பக்கம், பார்க்க அழகாக.

ராத்திரி டூட்டியில் இருந்தது அந்தியூர்ப் பக்கத்து ஆயா ஒருத்தர், ஐம்பது வயது இருக்கும். படிப்பு எட்டாவது. அவரிடம் தனியாகக் கேட்டேன்: "சுகர் மாத்திரை சாப்பிடற பாட்டி ஒருத்தருக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத் திடீர்னு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. என்ன பண்ணுவீங்க?"

"குத்திப் பாப்பேனுங். எழுவதுக்குக் கீழ இருந்தா குளுக்கோசு மூணு ஸ்பூன் கலக்கிக் குடுத்துட்டு, கால் மணி நேரம் களிச்சு மறுக்காக் குத்திப் பாப்பேன். சிஸ்டர எழுப்பீருவேன்."

"நெனவு இல்லைன்னா?"

"வாயில ஒண்ணும் ஊத்தப்படாதுங். பொறை ஏறிக்கும். நூத்தியெட்டுதான்."

இதே கேள்விக்கு மலையடிவார இடத்து நர்ஸ், புரோட்டோகால்படி டாக்டருக்குத் தெரிவிப்போம் என்றிருந்தார். தப்பான பதில் இல்லைதான்.

அந்த ஆயா ஆறு வருஷமாக அங்கே இருக்கிறார். மற்ற நாலு பேரில் யாரும் மூன்று வருஷத்துக்குக் குறையவில்லை. திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போனாலே ஓவர்டைமோடு இதைவிடக் கூடக் கிடைக்கும், அப்படியிருந்தும் நிற்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ சரியாக இருக்கிறது.

மொழியை நான் பட்டியலில் வைத்திருக்கவே இல்லை. அம்மாதான் வைக்க வைத்தார். பழைய இல்லத்தில் இருந்த பெண்கள் நல்லவர்கள்தான், ஒருத்தி ஒடிசா, ஒருத்தி திருநெல்வேலிப் பக்கம். அம்மா குழறலாக, "பொடக்காளிக்குப் போகோணும்" என்பார். ஒடிசாப் பெண் சிரித்துக்கொண்டே போர்த்திவிட்டுப் போவாளாம். திருநெல்வேலிப் பெண் ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "மகள் வந்ததும் கூட்டிட்டுப் போவாங்க பாட்டி" என்றாளாம். கொல்லைப்புறத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. அம்மா தலைமுறைக்குக் கக்கூஸ் என்றாலும் அதே சொல்தான். கேட்டுக் கேட்டு அலுத்து அம்மா டயபரிலேயே போகப் பழகிவிட்டார். ஈரம் நின்றால் தோல் ஊறும், ஊறின தோல் சீக்கிரம் கிழியும். ஒரு சொல் புரியாததில் இவ்வளவு. சிஸ்டர் இல்லத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் ஆயா கமோடு சேரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார், நான்தான் போக வேண்டும் என்று நினைத்து.

குறைகளுக்கு வருகிறேன். டாக்டர் வாரம் மூன்று நாள்தான் வருகிறார். பெண்கள் பக்கம் பதினோரு பேருக்கு ஒரே குளியலறை. வெயில் காலத்தில் ஹால் கொதிக்கும், ஏசி கிடையாது. பதிவெல்லாம் கம்ப்யூட்டரில் இல்லை, ஒரு லாங் சைஸ் நோட்டு. அதில் எண்ணெய்க் கறை, வெவ்வேறு கையெழுத்து, எழுத்துப் பிழை, அடித்துத் திருத்தல். "4ம் பெட் சோறு தின்னலை. தண்ணி 2 டம்ளர்." "9ம் பெட் திருப்பலை, வலின்னு கத்தறாங்க, காலைல டாக்டர் கிட்ட சொல்லோணும்." திருப்பவில்லை என்பதையும் எழுதி வைத்திருந்தார்களே, அதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டு விஷயம் உறுத்தியது. ஒரு பெரியவரின் கையில் துணிப்பை மாதிரி கட்டிவிட்டிருந்தார்கள், மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார் என்று. யார் சம்மதம் கொடுத்தது, எத்தனை மணிக்கு ஒரு தடவை அவிழ்க்கிறீர்கள் என்று கேட்டேன். மகன் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள், இரண்டு மணிக்கு ஒரு தடவை என்றார்கள். கட்டிலோடு சேர்த்துக் கட்டவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன். அடுத்தது பின்வாசல். பூட்டு தொங்கியது, சாவி சிஸ்டர் இடுப்பில். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் 25க்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பனியன் கம்பெனியாகட்டும், கல்யாண மண்டபமாகட்டும், பூட்டின பின்வாசலைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் வைத்தால்தான் அம்மாவைச் சேர்ப்பேன் என்றேன். சிஸ்டர் முகம் சுருங்கியது, ஆனால் அடுத்த வாரம் போனபோது தாழ்ப்பாள் மாட்டியிருந்தது. ஞாபக மறதி வந்து எழுந்து எங்கேயாவது நடந்துவிடுகிற பெரியவர்களுக்கு இதே இல்லம் ஆகாது. அவர்களுக்குக் கதவருகே எந்நேரமும் ஆள் இருக்கிற, வேலி போட்ட இடம் வேண்டும்.

அம்மாவிடம் மூன்றையும் சொன்னேன். மலை தெரியும் என்றதும், டிவி உண்டு என்றதும் ஒன்றும் சொல்லவில்லை. "ராத்திரி கூப்புட்டா ஆராச்சும் வருவாங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

சிஸ்டர் இல்லத்தில் சேர்த்தோம். சேர்க்கும்போது ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். மாதம் முதல் தேதி எடை பார்க்க வேண்டும். ஒரே மாதத்தில் 100க்கு 5 பங்கு, அல்லது ஆறு மாதத்தில் 10 பங்கு குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 52 கிலோ அம்மாவுக்கு முதல் கணக்கு இரண்டரைக் கிலோ சொச்சம். டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது. ரசம் சோறு வேண்டாம். தண்ணியாக இருப்பதுதான் அம்மாவுக்குப் புரை ஏறுகிறது, அரிசிம்பருப்பைக் குழைத்து நெய் விட்டுக் கொடுத்தால் இருமாமல் இறங்குகிறது. அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, யாருக்குப் போன். பெரிய தகராறு என்று வந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 எண் இருக்கிறது என்பதை நான் தாளில் எழுதவில்லை, என் போனில் மட்டும் பதிந்து வைத்திருக்கிறேன்.

நாலு மாதம் ஆகிறது. சண்டை இல்லாமல் இல்லை. பல்செட் பக்கத்துக் கட்டில் பாட்டியுடையதோடு மாறி இரண்டு நாள் அம்மா அடுத்தவர் பல்லைப் போட்டிருந்தார். சித்திரை வெயிலுக்கு ஹாலில் இரண்டு ஏர்கூலர் நாங்களே வாங்கிப் போட வேண்டியதாயிற்று. குளியல் வாரம் ஐந்து நாள் என்று பேசினது மூன்று நாளாகி, நான் சத்தம் போட்டபின் நாலாகியிருக்கிறது. எடை 51.4. குதிகால் கருப்பு உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் வந்துவிட்டது. பெருவிரல் அகலம்கூட இல்லை. கெண்டைக்காலுக்கு அடியில் எப்போது போனாலும் தலையணை இருக்கிறது. அது வீட்டிலிருந்து கொண்டுபோன இலவம்பஞ்சுத் தலையணை, உறை மட்டும் அவர்களுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் லாங் சைஸ் நோட்டைப் புரட்டினேன். முந்தின ராத்திரிப் பக்கத்தில், ஆயாவின் கோணல் கையெழுத்தில் இருந்தது: "2.10. 7ம் பெட் கூப்டாங்க. பொடக்காளி போனாங்க. பொறவு தூக்கம் வல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேட்டாங்க. ஆச்சுன்னு சொன்னேன்."